மறுக்கவும் இடம் விடு: பயணம் அமைக்கும் தங்கைக்கு ஒரு கடிதம்

அன்புத் தங்கைக்கு,

கோயம்புத்தூர்க் குடும்பத்துக்காக நீ போட்ட நியூசிலாந்து தென்தீவுப் பயணத்திட்டம் கிடைத்தது. உன் உழைப்பு ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. விமான இணைப்புகள் சரியாக இருக்கின்றன. ஓட்டல்களும் நல்ல தேர்வு. பட்ஜெட்டும் கைக்குள் நிற்கிறது. ஆனால் 10 நாட்களுக்குள் பங்கி ஜம்ப், ஸ்கைடைவ், ஜெட் போட், ஹெலிகாப்டர், திமிங்கிலம், பனியாறு, மில்ஃபோர்ட் சவுண்ட் என்று எல்லாவற்றையும் அடுக்கிவிட்டாய். அப்பா, அம்மா, கல்லூரியில் படிக்கும் மகன், 13 வயது மகள், 68 வயதுப் பாட்டி என ஐந்து பேருக்கும் ஒரே பட்டியல். எல்லாவற்றுக்கும் முன்பணம் கட்டச் சொல்லியிருக்கிறாய். ஒரு நாளை நகர்த்தினால் மறுநாள் சரிந்துவிடும்.

இந்தத் தொழிலில் நீ நீண்ட காலம் நிலைக்க வேண்டும் என்பது என் ஆசை. அதனால் இதை விரிவாகவே எழுதுகிறேன்.

சாகசங்களையும் காட்சிகளையும் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது நம் வேலை. ஆனால் கடைசி முடிவு பயணியுடையது. குதிப்பதா வேண்டாமா, இன்று போவதா நாளைக்குப் போவதா என்று அந்த இடத்தில் நின்று அவர் முடிவெடுக்க வேண்டும். அதற்கான தகவலும் நேரமும் அவர் கையில் இருக்கும்படி செய்வதுதான் நல்ல திட்டம். வேண்டாம் என்று சொல்லவே முடியாத அளவுக்கு இறுக்கிக் கட்டிய திட்டத்தில், எவ்வளவு பெரிய இடங்கள் இருந்தாலும் அது பயணிக்குச் சுமைதான்.

முதலில் ஆட்களிலிருந்து தொடங்கு. இடங்கள் பிறகு வரட்டும். நம் குடும்பங்களில் போனை எடுப்பவர் அப்பாதான்; எல்லோருக்கும் சேர்த்து அவரே பதில் சொல்வார். "எல்லாரும் எல்லாத்துக்கும் ரெடி" என்பார். அதை நம்பி புக்கிங் போடாதே. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசு. முதுகுவலி உண்டா, முழங்கால் எப்படி, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார்களா, அண்மையில் அறுவை சிகிச்சை நடந்ததா, பஸ்ஸில் போனால் வாந்தி வருமா, உயரம் பயமா, தண்ணீர் பயமா என்று கேள். உடல் எடையையும் கேட்டாக வேண்டும். கூச்சப்படுவார்கள், எதற்காகக் கேட்கிறோம் என்று சொன்னால் சொல்லிவிடுவார்கள்.

எதற்காக என்பதைக் குயின்ஸ்டவுனுக்கு அருகிலுள்ள கவராவ் பாலத்தில் ஒரு மணி நேரம் நின்று பார்த்தாலே விளங்கும். 1880-இல் கட்டிய பழைய தொங்குபாலம் அது. ஏ.ஜே. ஹாக்கெட்டும் ஹென்ரி வான் ஆஷும் 1988-இல் அங்கே பங்கி ஜம்ப்பை நிரந்தரத் தொழிலாகத் தொடங்கினார்கள். உலகம் முழுக்கப் பரவிய அந்த விளையாட்டு, வணிகமாகக் கால் ஊன்றியது அந்தப் பாலத்தில்தான். உயரம் 43 மீட்டர். குதிக்க வருபவரை முதலில் எடைபோட்டு, அந்த எண்ணை அவருடைய புறங்கையில் பேனாவால் எழுதிவிடுகிறார்கள். மேடையில் இருப்பவர் அந்தக் கையைப் பார்த்துத்தான் எந்தக் கயிறு, எவ்வளவு நீளம் என்று முடிவு செய்கிறார். கணுக்காலைச் சுற்றித் துண்டு, அதன்மேல் பட்டை, பட்டையில் கயிறு. குட்டி அடி வைத்து விளிம்புக்கு வர வேண்டும். குதித்து ஆடி அடங்கியபின், கீழே ரப்பர் படகில் இருப்பவர்கள் ஒரு கம்பை நீட்டுவார்கள்; தலைகீழாகத் தொங்குபவர் அதைப் பிடித்துக்கொண்டால் படகுக்குள் இறக்கிவிடுவார்கள். எடையைக் குறைத்துச் சொல்வது அங்கே செல்லாது. குறைந்தபட்ச வயது 10, குறைந்தபட்ச எடை 35 கிலோ. மெலிந்த குழந்தை என்றால் இங்கிருந்தே எடை பார்த்துவிட்டுப் போகச் சொல். ஆசையோடு அவ்வளவு தூரம் போன பிள்ளையைத் தராசு திருப்பி அனுப்பக் கூடாது.

அந்த விளிம்பில் நின்று மனம் மாறுகிறவர்கள் உண்டு. அது தோல்வி இல்லை. ஆனால் குதிக்காமல் திரும்பினால் கட்டிய பணம் பெரும்பாலும் திரும்பி வராது. இதை முன்கூட்டியே சொல்லிவிடு. இல்லாவிட்டால், "இவ்வளவு பணம் கட்டியிருக்கு, குதி குதி" என்று குடும்பமே கீழேயிருந்து கத்தும். பணத்துக்காக ஒரு பிள்ளை குதிக்கக் கூடாது. பார்வையாளர் மேடையில் நின்று பார்ப்பதும் நல்ல அனுபவம் என்று திட்டத்திலேயே எழுது. மகன் மட்டும் குதிக்க, மற்ற நால்வரும் நின்று பார்க்கட்டும். அதே நிறுவனத்தின் நெவிஸ் பள்ளத்தாக்கு மேடை 134 மீட்டர் உயரம். எட்டு விநாடிக்கும் மேல் விழுந்துகொண்டே இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே பெயரில் "பங்கி" என்று எழுதி வைக்காதே. எது என்று உயரத்தோடு எழுது. அவன் தேர்ந்தெடுக்கட்டும்.

சாகசங்களை விலையை வைத்துப் பிரிக்காமல், உடல் என்ன செய்ய வேண்டியிருக்கிறது என்பதை வைத்துப் பிரித்துப் பார். சிலவற்றில் நாம் உட்கார்ந்திருந்தால் போதும், மற்றதை ஓட்டுநர் பார்த்துக்கொள்வார். சிலவற்றில் ஒரே ஒரு விநாடி துணிய வேண்டும். சிலவற்றில் நாள் முழுக்கச் சொந்தக் காலில் நடக்க வேண்டும், துடுப்புப் போட வேண்டும். ஒரே ஆளுக்கு மூன்று வகையும் பிடிப்பது அரிது. உட்கார்ந்திருப்பது என்றால் எளிது என்றும் நினைத்துவிடாதே. ஜெட் போட்டைப் பாட்டிக்கும் போட்டிருக்கிறாய். தென்தீவின் ஆழமற்ற ஆறுகளில் போவதற்காக பில் ஹாமில்டன் என்பவர் 1950-களில் உருவாக்கிய படகு அது. வெளியே சுழலும் புரொப்பெல்லர் கிடையாது. தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சி ஓடும். கணுக்கால் அளவு தண்ணீர் போதும். ஷாட்ஓவர் ஆற்றில் பாறைச் சுவருக்குக் கைநீட்டும் தொலைவில் பறந்து, நின்ற இடத்தில் முழு வட்டம் சுழல்வார்கள். கழுத்துக்கும் முதுகுக்கும் அது நல்ல உலுக்கல். 68 வயதில் முதுகுத் தேய்மானம் இருப்பவருக்கு அது வேண்டாம்.

பாட்டிக்கு அதே ஊரில் வேறு இருக்கிறது. 1912-இல் வெள்ளோட்டம் விட்ட எர்ன்ஸ்லா என்னும் நீராவிக் கப்பல் இன்றும் நிலக்கரி எரித்து வாகாட்டிப்பு ஏரியில் ஓடுகிறது. எஞ்சின் அறையை மேலேயிருந்து பார்க்கலாம். உலைக்குள் கரியை அள்ளிப் போடுவது கண்ணெதிரே நடக்கும். மற்றவர்கள் ஜெட் போட்டில் போகும் நேரத்தில் பாட்டியும் அம்மாவும் இந்தக் கப்பலில் போகட்டும். குடும்பம் எப்போதும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. மாலையில் சேர்ந்து உட்கார்ந்து அவரவர் கதையைச் சொல்லிக்கொள்வார்கள்.

அடுத்தது மில்ஃபோர்ட் சவுண்ட். குயின்ஸ்டவுனிலிருந்து ஒரே நாளில் போய் வருவதாகப் போட்டிருக்கிறாய். சாலை வழியே ஒரு பக்கம் மட்டும் சுமார் 290 கிலோமீட்டர், நான்கு மணி நேரம். போகவர எட்டு மணி நேரம், அதற்குமேல் நிறுத்தங்களும் படகும். 13 மணி நேர நாள். தே அனாவ் ஊரில் இரண்டு இரவு தங்க வை. அங்கிருந்து மில்ஃபோர்ட் சுமார் 120 கிலோமீட்டர்தான். அந்தச் சாலையே ஒரு காட்சி. 1935-இல் வெட்டத் தொடங்கி 1954-இல் திறந்த ஹோமர் சுரங்கப்பாதை, அதன் வாசலில் வண்டிகளின் ரப்பரைக் கொத்தும் கியா மலைக்கிளிகள், இருபுறமும் செங்குத்துப் பாறை. நிறுத்தி நிறுத்திப் போக நேரம் வேண்டும். கியாவுக்குத் தீனி போட வேண்டாம் என்றும் எழுதிவிடு. நம் தின்பண்டம் அதன் உயிருக்குக் கேடு.

மில்ஃபோர்டில் ஆண்டுக்கு 6,400 மில்லிமீட்டருக்கும் மேல் மழை. சென்னையில் பெய்வதைப் போல நான்கு மடங்குக்கு மேல். அதனால் "வெயில் இல்லாவிட்டால் என்ன செய்வது" என்று வாடிக்கையாளர் கேட்பார். உண்மையைச் சொல். வெயிலில் மைட்டர் சிகரம் முழுதாகத் தண்ணீரில் தெரியும்; ஆண்டு முழுக்க விழும் பெரிய அருவிகள் லேடி போவன், ஸ்டர்லிங் இரண்டும் தெரியும். மழை பெய்தால் சிகரம் மேகத்துக்குள் போய்விடும். ஆனால் மரம் ஒட்டிய பாறைச் சுவர் நெடுக நூற்றுக்கணக்கில் தற்காலிக அருவிகள் இறங்கும். மழை நின்ற சில மணி நேரத்தில் அவை காணாமல் போகும். படகு ஸ்டர்லிங் அருவிக்கு நேர் கீழே மூக்கை நீட்டும்போது மேல்தளத்தில் இருப்பவர் தொப்பலாக நனைவார். போனை உள்ளே வைக்கச் சொல். படகுத்துறையில் மணல் ஈ கடிக்கும். கொசுவைவிடப் பொடி, அரிப்பு நாள்கணக்கில் நிற்கும். பூச்சி மருந்து பையில் இருக்கட்டும். மழை பயணத்தைக் கெடுக்காது. சாலை மூடினால்தான் கெடும். குளிர்காலத்திலும் வசந்தத்திலும் பனிச்சரிவு அபாயத்தால் அந்தச் சாலையை மூடுவது வழக்கம். தே அனாவில் இரண்டாவது இரவு அதற்காகத்தான். ஒருநாள் மூடினால் மறுநாள் இருக்கிறது.

இதையே விதியாக வைத்துக்கொள். வானிலையை நம்பியிருப்பவை எல்லாம் ஒரு ஊரில் தங்கும் முதல் நாளிலேயே வரட்டும். ஸ்கைடைவ், ஹெலிகாப்டர், படகு எல்லாம் இதில் அடங்கும். முதல் நாள் ரத்தானால் அடுத்த நாளுக்குத் தள்ளலாம். கடைசி நாள் மதியம் ஸ்கைடைவ் வைத்தால், காற்று அடித்தால் அதோடு போயிற்று. நியூசிலாந்தில் இறங்கிய அன்றே வைப்பதும் தவறு. இந்தியாவிலிருந்து நேரடி விமானம் கிடையாது. சிங்கப்பூர் போன்ற ஊரில் மாறித்தான் போக வேண்டும். அவர்கள் கடிகாரம் நம்மைவிட ஆறரை மணி நேரம் முந்தியது, அவர்களுடைய கோடையில் ஏழரை. தூங்காத உடம்பை 12,000 அடி உயரத்துக்கு ஏற்றாதே.

பருவத்தைப் பற்றி உன் திட்டத்தில் ஒரு வரியும் இல்லை. இவர்கள் போவது பள்ளி விடுமுறையில், ஏப்ரல் இறுதியில். நமக்குக் கோடை, அவர்களுக்கு இலையுதிர் காலம். உன் திட்டத்தின் அட்டையில் தெகாப்போ ஏரிக்கரை முழுக்க ஊதா லூப்பின் பூக்கள். அவை நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் வரை பூப்பவை. ஏப்ரலில் அங்கே அந்தப் பூவைத் தேடி அந்த வீட்டு மகள் அலைவாள். படத்தை மாற்று. ஏப்ரலுக்கு அதன் அழகு தனி. தங்கச் சுரங்கக் காலத்தில் 1862-இல் உருவான ஆரோடவுனில் அப்போது மலைச்சரிவே மஞ்சளும் செம்பும் ஆகிவிடும். தெகாப்போவில் பனியாறு அரைத்த பாறைமாவு தண்ணீரில் மிதப்பதால் வரும் பால்நீலம் எப்போதும் இருக்கும். 2012-இல் இருள்வான் காப்பகமாக அறிவித்த பகுதி அது. இரவு சீக்கிரம் இறங்கும் மாதம் என்பதால் குழந்தை விழித்திருக்கும் நேரத்திலேயே பால்வீதியைப் பார்க்கலாம். கூடவே, பகல் குறுகியது என்பதையும் கணக்கில் எடு. அது நாளுக்கு நாள் இன்னும் குறுகி, மே கடைசியில் குயின்ஸ்டவுனில் காலை எட்டு மணிக்குச் சூரியன் வந்து மாலை ஐந்துக்குப் போய்விடும். டிசம்பருக்குப் போட்ட திட்டத்தை அப்படியே இந்தப் பருவத்துக்கு எடுத்தால் பாதிக் காட்சி இருட்டில் போகும்.

படங்கள் பழையவையாகவும் இருக்கலாம். ஃபிரான்ஸ் ஜோசஃப் பனியாற்றின் மேல் நடந்து ஏறுவதாக எழுதியிருக்கிறாய். பனியாறு பின்வாங்கிவிட்டது, பள்ளத்தாக்கிலிருந்து நடந்தே பனியின்மேல் அழைத்துச் செல்வது 2012-லேயே நின்றுவிட்டது. இப்போது பனியில் கால் வைக்க ஹெலிகாப்டர் ஒன்றே வழி. மேகம் வந்தால் அதுவும் பறக்காது. மவுண்ட் குக் அடிவாரத்தில் எல்லோரும் நடக்க விரும்பும் ஹூக்கர் பள்ளத்தாக்குப் பாதையில் ஒரு தொங்குபாலத்தை 2025-இல் பாதுகாப்புக்காக மூடினார்கள். நடை பாதியிலேயே முடிந்தது. நியூசிலாந்தின் இயற்கைப் பாதுகாப்புத் துறை எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று தன் இணையதளத்தில் தொடர்ந்து அறிவிக்கிறது. புக்கிங் போடும் நாளில் ஒருமுறை, கிளம்பும் வாரத்தில் ஒருமுறை பார்த்துவிடு.

இப்போது சொல்லப்போவது இந்தக் கடிதத்தில் முக்கியமானது. 2019 டிசம்பர் 9-ஆம் தேதி, வடதீவுக்கு அப்பால் வாகாரி எனப்படும் ஒயிட் தீவு எரிமலை வெடித்தது. அப்போது தீவில் 47 பேர் இருந்தார்கள். 22 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்களில் பலருக்குக் கடும் தீக்காயம். பலர் சொகுசுக் கப்பலில் வந்து, கப்பலின் சுற்றுலாப் பட்டியலிலிருந்து அந்தத் தீவைத் தேர்ந்தெடுத்தவர்கள். வெடிப்புக்கு மூன்று வாரம் முன்பே, நவம்பர் 18-இல், எரிமலையின் எச்சரிக்கை நிலையை ஒன்றிலிருந்து இரண்டாக உயர்த்தியிருந்தார்கள். அது பொதுவில் கிடைத்த தகவல். அன்று தீவில் கால் வைத்தவர்களில் எத்தனை பேருக்கு அதன் பொருள் எடுத்துச் சொல்லப்பட்டது என்பதுதான் பின்னால் நீதிமன்றம் வரை போன கேள்வி. ஆபத்தான இடத்துக்கு ஒருவர் தெரிந்தே போவது அவர் உரிமை. அதைத் தெரிவிக்காமல் கூட்டிப்போவது விற்றவர் செய்யும் அநியாயம். பட்டியலில் ஒரு வரியாக அதை எழுதியவர்கள் நம்மைப் போன்றவர்கள்தான் என்பதை நான் மறப்பதில்லை. நீயும் மறக்காதே.

அந்த நாட்டில் இதற்குச் சட்டம் இருக்கிறது. விபத்துகள் அடுத்தடுத்து நடந்த பிறகு 2011-இல் சாகச நடவடிக்கைகளுக்குத் தனி விதிகள் வந்தன. பாதுகாப்புத் தணிக்கையில் தேறி, ஒர்க்சேஃப் என்னும் அரசு அமைப்பிடம் பதிவு செய்தால்தான் தொழில் நடத்தலாம். ஒயிட் தீவுக்குப் பிறகு 2024 ஏப்ரலில் விதிகளை இறுக்கி, இயற்கைச் சீற்ற ஆபத்துகளைப் பங்கேற்பவருக்குத் தெரிவிக்கும் கடமையையும் சேர்த்தார்கள். பதிவேட்டை எவரும் பார்க்கலாம். நீ அனுப்பும் ஒவ்வொரு நிறுவனத்தின் பெயரையும் அதில் தேடு. ஸ்கைடைவும் ஹெலிகாப்டரும் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் கீழும், ஜெட் போட் கடல்சார் அமைப்பின் கீழும் வரும். அவற்றை அங்கே சரிபார். நமக்குக் கமிஷன் கூடுதலாகத் தருகிறார்கள் என்பது ஒருவரைத் தேர்ந்தெடுக்கக் காரணம் ஆகாது.

காப்பீட்டையும் நீ படித்தாக வேண்டும். பாலிசி எடுத்தாயிற்று என்று விட்டுவிடாதே. பல பாலிசிகளில் பங்கி, ஸ்கைடைவ் போன்றவை விலக்குப் பட்டியலில் இருக்கும். கூடுதல் பிரீமியம் கட்டினால்தான் சேரும். நியூசிலாந்தில் விபத்தில் காயம்பட்டால், வெளிநாட்டவருக்கும் சிகிச்சைச் செலவில் உதவும் அரசுத் திட்டம் 1974 முதல் இருக்கிறது. ஆனால் காய்ச்சல், மாரடைப்பு போன்ற நோய்களுக்கும், ஊருக்குத் திரும்பக் கொண்டுவரும் செலவுக்கும் அது பொருந்தாது. விபத்தில் பட்ட காயத்துக்காக அங்கே பொதுவாக நஷ்டஈட்டு வழக்கும் போட முடியாது. பாட்டியைக் கூட்டிப்போகும் குடும்பத்துக்கு இது எழுத்தில் போக வேண்டிய தகவல்.

சின்னதாக ஒன்று. நம்மவர்கள் பருப்புப்பொடி, ஊறுகாய், முறுக்கு கட்டிக்கொண்டுதான் போவார்கள். அந்த நாட்டு விமான நிலையத்தில் உணவு எதுவானாலும் படிவத்தில் அறிவிக்க வேண்டும். அறிவித்தால் பார்த்துவிட்டுப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். மறைத்தால் 400 நியூசிலாந்து டாலர் அபராதம். தேனை எடுத்துப் போகவே வேண்டாம்.

இனி உன் திட்டத்துக்கு வருகிறேன். கைக்கூரா திமிங்கிலத்தை எடுத்துவிடு. கிறைஸ்ட்சர்ச்சுக்கு வடக்கே 180 கிலோமீட்டர். உன் பாதை போவதோ தெற்கே. ஃபிரான்ஸ் ஜோசஃபை எடுத்துவிடு. அங்கிருந்து குயின்ஸ்டவுனுக்குச் சாலையில் ஒரு முழுநாள் கரையும். கிறைஸ்ட்சர்ச்சில் ஓய்வுக்கு ஒரு இரவு, தெகாப்போவில் இரண்டு, குயின்ஸ்டவுனில் நான்கு, தே அனாவில் இரண்டு. மவுண்ட் குக் தெகாப்போவிலிருந்து போய்வரும் தூரம்தான். குயின்ஸ்டவுனின் நான்கு நாளில் ஒன்றைக் காலியாக விடு. காலி நாளுக்கு எதிரே "ஓய்வு அல்லது மாற்று நாள்" என்று தைரியமாக எழுது. குடும்பம் முதலில் கேள்வி கேட்கும்: "இந்த நாள்ல என்ன இருக்கு?" மழை வந்தால் ஸ்கைடைவுக்கு, களைப்பு வந்தால் தூக்கத்துக்கு, ஏரிக்கரை பிடித்துவிட்டால் இன்னொரு முறை அங்கே உட்கார்வதற்கு என்று பதில் சொல்.

ஒவ்வொரு சாகசத்துக்கும் கீழே நான்கு வரி சேர்: யாருக்கு ஏற்றது, யாருக்கு ஏற்காது, என்ன ஆபத்து, வேண்டாம் என்றால் அந்த நேரத்தில் என்ன செய்யலாம். இந்த நான்கையும் எழுத முடியாத எதையும் விற்காதே. விற்பனை குறையும் என்று பக்கத்து மேசைக்காரர்கள் சொல்வார்கள். சில மாதம் குறையவும் செய்யலாம். ஆனால் உண்மை சொன்னவரிடம்தான் குடும்பங்கள் அடுத்த பயணத்துக்கும் வரும், சொந்தக்காரர்களையும் அனுப்பும். ஒரு பயணியின் உயிரும் விடுமுறையும் உன் எழுத்தை நம்பிப் புறப்படுகின்றன. அந்த நம்பிக்கைக்கு ஈடாக எந்தக் கமிஷனும் இல்லை. திட்டத்தைத் திருத்தி, அந்த ஐந்து பேரிடமும் தனித்தனியே பேசிய பிறகு அனுப்பு.

அன்புடன்,
உன் அக்கா